கூடு மட்டும் வாழிடம் ஆகுமா?

ரொறன்ரோவின் புறநகர் வளர்ச்சியும் இடம்பெயரும் உயிர்களும்

சில ஆண்டுகளுக்கு முன், மே மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில், ரொறன்ரோ மாநகரின் வடகிழக்கு எல்லைக்கு அப்பால் புதிதாக எழுந்திருந்த குடியிருப்பொன்றுக்கு, நண்பர் ஒருவரின் வீடு குடிபுகும் வைபவத்திற்காகச் சென்றிருந்தோம். பதினைந்து வருடங்கள் பிறர் வீட்டு ‘பேஸ்மென்ற்’றில் வாடகைக்கு இருந்து, பகலில் ஒரு வேலையும் இரவில் ஒரு வேலையுமாக உழைத்துச் சேர்த்த பணத்தில் அவர் வாங்கிய முதல் வீடு அது. நிறைகுடம் வைத்து, பால் காய்ச்சி, அது பொங்கி வழிந்த வேளையில் அனைவர் முகத்திலும் மகிழ்ச்சி நிறைந்திருந்தது.

அந்நேரத்தில் வீட்டின் பின்புறத்துப் பெரிய கண்ணாடியில் ‘தொம்’ என்றொரு ஓசை கேட்டது. பிள்ளைகள் பந்தெறிந்துவிட்டார்கள் என்றே எண்ணினோம். வெளியே சென்று பார்த்தபோது மரத்தளத்தின் மீது ஒரு சிறு பறவை கிடந்தது. தொண்டையில் வெண்மை, கண்ணருகே ஒரு மஞ்சள் பொட்டு. தெற்கே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வடக்கே காட்டுக்குத் திரும்பும் வெண்தொண்டைச் சிட்டு அது என்பதைப் பின்னர் அறிந்தோம். நண்பரின் தாயார் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் தொட்டுவிட்டார். இரண்டு தடவை அலகு திறந்தது, அவ்வளவுதான்.

எழுபத்தைந்து வயதைக் கடந்த அந்த அம்மா வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவர். 1990ஆம் ஆண்டில் உடுத்த துணியோடு வீட்டை விட்டு வெளியேறியவர். பறவையைப் புதைப்பதற்கு மர நிழல் தேடினார். புதுக் குடியிருப்பில் மரம் இல்லை. வேலியோரத்தில் புதைத்துவிட்டு வந்து மகனிடம் கேட்டார்: “தம்பி, இது முந்தி ஆற்றை காணி?” வீடு கட்டி விற்ற நிறுவனத்தின் பெயரை மகன் சொன்னார். அம்மா தலையை ஆட்டினார். “அதில்லை. அதுக்கும் முந்தி?”

அன்று எம்மில் எவரிடமும் விடை இருக்கவில்லை. காணியை இழந்தவர் ஒருவர் கேட்கும் அக்கேள்வியை வெறும் முதுமையின் பேச்சென்று ஒதுக்கிவிடவும் எம்மால் முடியவில்லை. அதற்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

காணியின் பழைய உரிமையாளர்கள்

ஸ்காபரோவின் கிழக்கு விளிம்பில் ஓடும் ரூஜ் நதி எம்மவர் பலருக்கு அறிமுகமானது. கோடையில் அதன் கரைகளில் எமது குடும்பங்கள் அடுப்பு மூட்டி இறைச்சி சுடுவதையும் பிள்ளைகள் நீரில் இறங்கி விளையாடுவதையும் காணலாம். இந்நதியும் இதற்குக் கிழக்கே ஓடும் டஃபின்ஸ் ஓடையும் வடக்கேயுள்ள ‘ஓக் றிட்ஜஸ் மொறெய்ன்’ எனும் நிலமேட்டில் பிறக்கின்றன. பனிப்பாறைகள் விட்டுச் சென்ற மணலும் பரலும் குவிந்து உருவான, ஏறத்தாழ 160 கிலோமீற்றர் நீளமான மேடு அது. மழைநீரை உறிஞ்சி, வடிகட்டி, குளிர்ந்த ஊற்றாக ஓடைகளுக்குக் கொடுப்பது அம்மேடே.

17ஆம் நூற்றாண்டில் ரூஜ் நதியின் முகத்துவாரத்துக்கு அருகில் செனெக்கா மக்களின் கிராமமொன்று இருந்தது. அங்கிருந்து வடக்கே சிம்கோ ஏரியை நோக்கிச் செல்லும் நடைபாதையும் இருந்தது. பின்னர் மிசிசாகா மக்கள் இந்நிலத்தில் வாழ்ந்தனர். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் குடியேறிகள் காட்டை வெட்டிக் கோதுமை விதைத்தனர். இப்பகுதி முதற்குடிகளின் உரிமைகள் பற்றி 1923இல் செய்யப்பட்ட வில்லியம்ஸ் உடன்படிக்கைகள் நீண்டகால வழக்குக்கு உள்ளாகி, 2018இல்தான் ஓர் இணக்கப்பாடும் அரசின் மன்னிப்பும் கிட்டின. ஆக, அம்மா கேட்ட ‘அதுக்கும் முந்தி’ என்ற கேள்விக்கு மனிதர் வரலாற்றிலேயே பல அடுக்கு விடைகள் உள்ளன. அவ்வடுக்குகள் அனைத்துக்கும் அடியில், எந்த உறுதிப் பத்திரத்திலும் பெயர் எழுதப்படாத வேறு சில குடிகளும் உள்ளன. இனி நாம் பேசப்போவது அவற்றைப் பற்றியே.

நீருக்கு மேலே பாயும் மீன்

ரூஜ், டஃபின்ஸ் போன்ற ஓடைகளில் ‘ரெட்சைட் டேஸ்’ எனும் சிறுமீன் வாழ்கின்றது. ஒரு விரலளவு நீளம்; விலாவில் செந்நிறப் பட்டை. நீருக்கு மேலே பறக்கும் ஈக்களையும் பூச்சிகளையும் நீரிலிருந்து துள்ளிப் பாய்ந்து பிடித்துண்பதே இதன் வழக்கம். இவ்வாறு பாய வேண்டுமாயின் இரை கண்ணுக்குத் தெரியவேண்டும். அதற்கு நீர் தெளிந்திருக்க வேண்டும். இரை கிடைக்க வேண்டுமாயின் கரைப் புல்லும் புதரும் நீரின் மேல் சாய்ந்திருக்க வேண்டும். உயிர் வாழ நீர் குளிர்ந்திருக்க வேண்டும். கனடாவில் இம்மீன் வாழும் இடங்களில் 80 சதவீதத்துக்கும் அதிகமானவை ஒன்ராறியோ ஏரியின் மேற்கு முனையைச் சுற்றி வளர்ந்துள்ள நகர வலயத்தினுள்ளேயே அமைந்துவிட்டன. கனடிய அரசு 2017இல் இதனை அழியும் ஆபத்திலுள்ள இனமாகத் தனது சட்டப் பட்டியலில் சேர்த்தது.

இம்மீனை எவரும் பிடித்து அழிக்கவில்லை. ஓடையை மூடி வீடு கட்டியதாலும் பெரும்பாலும் இது அழியவில்லை. ஓடையிலிருந்து எட்ட நின்றே புறநகர் இதனைக் கொல்கின்றது. வயலாகவும் காடாகவும் நிலம் இருக்கும்போது மழைநீரின் பெரும்பகுதி மண்ணுள் இறங்கி, நாட்கணக்கிலும் மாதக்கணக்கிலும் மெல்ல ஊறிக் குளிர்ந்த நீராக ஓடையைச் சேரும். அதே நிலத்தில் கூரையும் தார்வீதியும் கார் நிறுத்தும் தளமும் வந்துவிட்டால் மழை இறங்க வழியில்லை. வெயிலில் சூடேறிய தாரின் மேல் ஓடி, குழாய்களில் புகுந்து, சில மணி நேரத்துள் வெள்ளமாக ஓடையில் விழுகின்றது. கரை அரிகிறது, சேறு கலந்து நீர் கலங்குகின்றது. மழையற்ற நாட்களிலோ ஊற்று வற்றி ஓடை மெலிகின்றது. ஓர் ஓடையின் வடிநிலத்தில் பத்தில் ஒரு பங்கு நீர் புகாத தளமாக மாறினாலே அதன் உயிர்வளம் குன்றத் தொடங்குகின்றது என்பது நீரியல் ஆய்வாளர்களிடையே பரவலாக ஏற்கப்பட்ட கணிப்பு.

இதனுடன் உப்பும் சேருகின்றது. மாரியில் வீதியின் பனியை உருக்க நாம் கொட்டும் உப்பு மறைந்துவிடுவதில்லை. உருகிய நீரோடு ஓடைக்கே போகின்றது. வீதி உப்பு சுற்றாடலுக்கு நச்சுத்தன்மை வாய்ந்தது என்று கனடிய அரசின் ஆய்வு 2001இலேயே முடிவு கூறியது. எமது வாசற்படியில் அள்ளித் தூவும் ஒரு கை உப்பு எங்கே போய்ச் சேருகின்றது என்பதை நாம் ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை.

வீதி கடக்கும் கிழவிகள்

அடுத்து ஆமை. ‘பிளாண்டிங்’ ஆமைக்குத் தாடையும் கழுத்தும் கடும் மஞ்சள் நிறம். வாய் எப்போதும் மெல்லச் சிரிப்பது போலத் தோன்றும். இது 75 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. ஆனால் பெண் ஆமை முட்டையிடும் பருவத்தை அடைவதற்கே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் செல்கின்றன. இட்ட முட்டைகளில் மிகச் சிலவே குஞ்சாகி வளரும். ஆகவே இவ்வினத்தின் முழு நம்பிக்கையும் வயது முதிர்ந்த பெண் ஆமைகளின் நீண்ட ஆயுளிலேயே தங்கியுள்ளது.

இந்த ஆமை ஒரே குட்டையில் வாழ்ந்து முடிப்பதில்லை. மாரியில் ஒரு சதுப்பு, வசந்தத்தில் வேறொரு குட்டை, முட்டையிட மணல் திட்டொன்று என்று ஆண்டுதோறும் பல கிலோமீற்றர் நடக்கின்றது. அப்பாதையின் குறுக்கே வீதி வந்தால் அதற்கு வேறு வழி தெரியாது. முட்டை சுமந்த ஆமை வீதியோரப் பரல் மண்ணையே மணல் திட்டென்று நம்பி வருவதும் உண்டு. நாற்பது வயது ஆமையொன்று ஒரு சக்கரத்தின் கீழ் நசுங்கும்போது இனி வரவிருந்த முப்பது ஆண்டு முட்டைகளும் அதனோடு போகின்றன. முட்டையிட்டுத் திரும்பினாலும் ஆபத்து நீங்கியதாகாது. எமது குப்பைத் தொட்டிகளில் தின்று பெருகிய ரக்கூன்கள் முட்டைகளைத் தோண்டித் தின்றுவிடுகின்றன.

தென் ஒன்ராறியோவில் முன்னர் இருந்த ஈரநிலங்களில் 72 சதவீதம் 2002ஆம் ஆண்டளவில் இல்லாது போயிருந்தது என்று ‘டக்ஸ் அன்லிமிட்டெட் கனடா’ 2010இல் வெளியிட்ட ஆய்வு கூறுகின்றது. ரூஜ் பள்ளத்தாக்கில் விரல்விட்டு எண்ணத்தக்க பிளாண்டிங் ஆமைகளே எஞ்சியிருந்தன. 2014 முதல் ரொறன்ரோ மிருகக்காட்சிச்சாலையும் பங்காளி அமைப்புகளும் வேறிடத்து முட்டைகளைப் பொரிக்க வைத்து, குஞ்சுகளை இரண்டு வருடங்கள் வளர்த்து, ரூஜ் ஈரநிலத்தில் விட்டு வருகின்றன. அவ்வாறு முதலில் விடப்பட்ட குஞ்சுகள் தாமே முட்டையிடும் பருவத்தை அடைவது 2030களில்தான்.

ஈரத்தோலும் பல்லியுருவும் கொண்ட ‘ஜெஃபர்சன்’ சலமண்டரின் நிலையும் இதுவே. ஆண்டு முழுவதும் காட்டு மண்ணுக்குள் வாழும் இது, பனி உருகிய முதல் மழை இரவுகளில் தான் பிறந்த குட்டையையே தேடிச் சென்று முட்டையிடுகின்றது. கோடையில் வற்றிவிடும் சிறு குட்டை அது. வரைபடத்தில் கூட இராது. ரொறன்ரோவுக்கு மேற்கேயுள்ள பேர்லிங்ரன் நகரில் 2012 முதல் வசந்தம் தோறும் கிங் வீதியின் ஒரு பகுதியைச் சில வாரங்களுக்கு மூடி இவை கடந்து செல்ல வழி விடுகின்றனர். ஒரு பல்லியளவு உயிருக்காக வீதியை மூடும் நகரமும் இங்கு உண்டு என்பதை நாம் பாராட்டிப் பதிவு செய்ய வேண்டும்.

புற்றரை வேறு, புல்வெளி வேறு

மார்க்கம், பிக்கரிங், ஏஜாக்ஸ் பகுதிகளின் வைக்கோல் வயல்கள் வெறும் நிலமாகவே எமது கண்களுக்குப் பட்டன. ‘இங்கே என்ன இருக்கிறது, வெறும் புல்தானே’ என்று நாமும் சொல்லியிருக்கின்றோம். அந்தப் புல்லுக்குள்ளே நிலத்தில் கூடு கட்டும் ‘பொபோலிங்க்’ எனும் பறவை வாழ்கின்றது. ஆண் பறவைக்கு வயிறு கறுப்பு, முதுகில் வெண்மை, பிடரியில் வெண்ணெய் நிறம். குளிர்காலத்தில் ஆர்ஜென்ரீனா, பராகுவே வரை சென்று மீள்கின்றது. போக்குவரத்து ஏறத்தாழ 20,000 கிலோமீற்றர். அவ்வளவு தூரம் பறந்து திரும்பும்போது அதன் வயலில் கொங்கிறீற் அத்திவாரம் தெரிந்தால் அது எங்கே இறங்கும்? 2010இல் ஒன்ராறியோ இதனை ஆபத்துக்குட்பட்ட இனமாக அறிவித்தது. வீட்டு முன்றிலில் நாம் வளர்த்து வாரந்தோறும் வெட்டும் புற்றரை அதற்குப் புல்வெளியாகாது.

வயலுடன் போவது பழைய மரக் களஞ்சியங்களும்தான். அவற்றின் உத்தரங்களில் களிமண் கூடு கட்டி வாழ்வது தகைவிலான் குருவி. எமது ஊரில் மாரி காலத்தில் மின்கம்பிகளில் வரிசையாக அமர்ந்திருக்கும் அதே இனந்தான். இங்குள்ளவை மாரியில் தென் அமெரிக்கா நோக்கிச் செல்கின்றன. களஞ்சியத்தை இடிப்பவர் அதற்கீடாகக் கூடு கட்டத்தக்க அமைப்பொன்றை நிறுவ வேண்டும் என்று ஒன்ராறியோவில் விதி வந்தது. அதன்படி நான்கு கால்களில் நின்ற சிறு கூரைகள் பல இடங்களில் எழுந்தன. ஆயினும் எதிர்பார்த்த அளவில் குருவிகள் அவற்றில் குடியேறவில்லை. கூரை கொடுத்தால் போதாது. கூரையைச் சுற்றிப் பூச்சிகள் பறக்கும் திறந்த வெளியும், கூட்டுக்குச் சேறெடுக்க ஈர நிலமும் வேண்டும்.

அப்படியாயின் மக்கள் எங்கே குடியிருப்பது?

இவ்விடத்தில் வாசகர் ஒருவர் எம்மை நிறுத்திக் கேட்கக்கூடும்: ‘ஒரு அறைக்குள் ஐந்து பேர் படுத்துறங்கும் அகதிக்கு ஆமையைப் பற்றிப் பேசுகிறீர்களா?’ நியாயமான கேள்வி. நாமும் வாடகை வீட்டில் இருந்தே இதனை எழுதுகின்றோம். இந்நாட்டில் வீடு வேண்டும். ஏராளமான வீடுகள் வேண்டும். ஆனால் வீட்டுத் தட்டுப்பாட்டுக்குக் காரணம் நிலத் தட்டுப்பாடா என்பதே நாம் கேட்க வேண்டியது.

ஒன்ராறியோ அரசே நியமித்த வீட்டுவசதிச் செயலணி 2022 பெப்ரவரியில் அளித்த அறிக்கை இதற்கு விடை கூறியது. நிலப் பற்றாக்குறை பிரச்சினைக்குக் காரணமன்று. ஏற்கெனவே கட்டப்பட்ட பகுதிகளுக்குள்ளும், பாதுகாக்கப்பட்ட பசுமை வலயத்துக்கு வெளியிலும் போதிய நிலம் உண்டு என்பதே அச்செயலணியின் கருத்து. அவ்வாறிருந்தும் அதே ஆண்டின் இறுதியில், 2005இல் உருவாக்கப்பட்ட பசுமை வலயத்திலிருந்து 15 இடங்களில் ஏறத்தாழ 7,400 ஏக்கர் நிலம் விடுவிக்கப்பட்டது. 50,000 வீடுகள் கட்டுவதற்கு என்று காரணம் சொல்லப்பட்டது. அந்நிலத்தில் பாதிக்கும் மேற்பட்டது பிக்கரிங் நகரில், ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவை ஒட்டிய டஃபின்ஸ் – ரூஜ் விவசாயக் காப்பு நிலம். அங்கு வீடுகள் எழுமாயின் பூங்காவின் உயிர்களுக்கு மீளமுடியாத தீங்கு நேரக்கூடும் என்று தேசியப் பூங்காக்களை நிருவகிக்கும் ‘பார்க்ஸ் கனடா’ எச்சரித்தது.

மாகாணக் கணக்காய்வாளர் நாயகம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, இந்நடவடிக்கை சில நிலச் சொந்தக்காரருக்குச் சாதகமாக அமைந்தது என்றும், அந்நிலங்களின் பெறுமதி 8.3 பில்லியன் டொலருக்கு மேல் உயரக்கூடும் என்றும், வீட்டு இலக்கை எட்ட அந்நிலம் தேவைப்பட்டிருக்கவில்லை என்றும் கூறியது. செப்டெம்பரில் வீட்டுவசதி அமைச்சர் பதவி விலகினார். அம்மாதம் 21ஆந் திகதி முதலமைச்சர் டக் ஃபோர்ட் மன்னிப்புக் கோரி முடிவை மாற்றினார். ஆண்டு முடிவதற்குள் நிலங்கள் சட்டத்தின் மூலம் மீண்டும் காப்புக்குள் வந்தன. பேரூர்களிலும் சிற்றூர்களிலும் பதாகை ஏந்தி நின்ற சாதாரண மக்களின் வெற்றி அது.

இத்தகைய வெற்றி இம்மண்ணுக்குப் புதியதன்று. 1975 முதல் ரூஜ் பள்ளத்தாக்கைக் காக்கப் போராடிய அயலவர்களின் முயற்சியே முதலில் ரூஜ் பூங்காவாகவும், 2015இல் கனடாவின் முதலாவது தேசிய நகர்ப்புறப் பூங்காவாகவும் கனிந்தது. இன்று அதன் பரப்பு 79 சதுர கிலோமீற்றருக்கு மேல். பிக்கரிங் விமான நிலையத்தின் கதையும் நினைவுகூரத்தக்கது. அதற்காக 1972இல் 18,600 ஏக்கர் நிலத்தை மத்திய அரசு சுவீகரித்தது. பரம்பரையாக உழுத குடும்பங்கள் வீடிழந்து வெளியேறின. 1975இல் திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. 2025 ஜனவரியில், அங்கு விமான நிலையம் அமைக்கப் போவதில்லை என்று மத்திய அரசு இறுதியாக அறிவித்தது. வெளியேற்றப்பட்ட அக்குடும்பங்களின் துயரத்தை நாம் நன்கறிவோம். அவர்களது வயல்களில் அரை நூற்றாண்டாக அடுக்கு வீடுகள் எழாதிருந்தமையால் பறவைகள் பிழைத்தன என்பதும் உண்மை. ஒருவரின் இழப்பு இன்னொருவரின் அடைக்கலமாகும் விந்தையை வரலாறு இப்படித்தான் காட்டுகின்றது.

‘வாழிடம்’ என்ற சொல்

இவ்வளவும் நாம் கூறியது ஒரு சொல்லின் பொருளைப் பற்றிப் பேசுவதற்காகவே. ஒன்ராறியோவின் 2007ஆம் ஆண்டு அருகிவரும் உயிரினச் சட்டம் ‘வாழிடம்’ என்பதை விரிந்த பொருளில் வரையறுத்தது. இனப்பெருக்கம், வளர்ப்பு, குளிர்கால உறக்கம், இடப்பெயர்வு, உணவு ஆகியவற்றுக்காக ஓர் உயிர் நேரடியாகவோ மறைமுகமாகவோ தங்கியிருக்கும் நிலப்பரப்பு முழுவதும் அதன் வாழிடம் என்றது. அச்சட்டத்தின் கீழ் வந்த விதிகளின்படி ரெட்சைட் டேஸ் மீனுக்கு ஓடை வளைந்தோடும் பட்டையும் அதற்கப்பால் 30 மீற்றர் கரையும், ஜெஃபர்சன் சலமண்டருக்குக் குட்டையைச் சுற்றி 300 மீற்றர் வரையிலான காடும் சேர்த்தே காக்கப்பட்டன.

2025 ஜூன் மாதத்தில் மாகாண சட்டசபை நிறைவேற்றிய சட்டமொன்று இவ்வரையறையைச் சுருக்கிவிட்டது. பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டமொன்றுக்கும் அது வழி வகுத்தது. விலங்கைப் பொறுத்தவரை, குகை, கூடு போன்று அது குட்டி ஈனவும் வளர்க்கவும் மாரியைக் கழிக்கவும் தங்கும் உறைவிடமும், அதையொட்டி அதற்கு இன்றியமையாத சுற்றயலுமே இனி வாழிடம். பழைய நடைமுறை சிக்கலானது, கட்டுமானத்தைத் தாமதப்படுத்துவது என்பது அரசின் வாதம். அனுமதிக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோர் பலர் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் தாமதத்தைக் குறைக்க அலுவலரைக் கூட்டலாம், படிவங்களைக் குறைக்கலாம். ‘வீடு’ என்ற சொல்லின் பொருளைக் குறைப்பது அதற்கு வழியாகுமா?

இவ்வாறு கேட்பதற்கு எமக்கு ஒரு தகுதி உண்டு. 1990இல் மயிலிட்டியிலிருந்து வெளியேறிய மீனவக் குடும்பங்கள் 2017 ஜூலையில் அத்துறைமுகம் விடுவிக்கப்படும் வரை 27 ஆண்டுகள் உள்ளூர் முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் வாழ்ந்தன. தலைக்கு மேல் கூரை இருந்தது. கூப்பன் அரிசியும் இருந்தது. கடல் இருக்கவில்லை. வள்ளம் இழுத்து வைக்கக் கரை இருக்கவில்லை. வலை காயவிட மணல் இருக்கவில்லை. ‘உங்களுக்குத்தான் கூரை தந்துவிட்டோமே’ என்று எவரேனும் கூறியிருந்தால் அவர்கள் ஏற்றிருப்பார்களா? கூரையை மட்டும் வீடென்று கொள்ள மறுத்த மக்கள் நாம். அந்த அறிவு எமக்கு மிகுந்த விலைக்குக் கிடைத்தது. கூட்டை மட்டும் விட்டுவிட்டு வயலை எடுத்துக்கொள்ளும் சட்டத்தைப் பார்த்து, அது எந்த மொழியில் எழுதப்பட்டிருந்தாலும், ‘இது போதாது’ என்று சொல்லக்கூடியவர்கள் நாமே அல்லவா?

நாம் செய்யக்கூடியவை

வாங்கிய வீட்டைக் குற்ற உணர்வோடு பார்க்கும்படி எவரையும் நாம் கேட்கவில்லை. அந்த வீடு எழுந்துவிட்டது. அடுத்த வயலின் கதி என்னவென்பதே இன்றைய கேள்வி. நகரசபைகள் காணி வகைமாற்றம் பற்றிய பொதுக்கூட்டங்களை நடத்துகின்றன. அங்கு பேசுவதற்குக் குடியுரிமை கேட்பதில்லை. கோயில் திருவிழாவுக்கும் பாடசாலைப் பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கும் ஆயிரக்கணக்கில் திரளும் எம்மவர், தாம் வாழும் ஊரின் வரைபடம் மாற்றப்படும் இரவில் பத்துப் பேராவது போய் அமரலாம். ஏற்கெனவே தண்ணீர்க் குழாயும் பஸ் வண்டியும் உள்ள நகரின் உட்பகுதிகளிலே அடுக்கு வீடுகளைக் கட்டுங்கள் என்று கேட்கலாம். அது ஆமைக்கு மட்டுமன்றி, கார் வாங்க வசதியற்ற புதிய அகதிக்கும் நன்மை தரும்.

வீட்டு முற்றத்திலும் செய்யத்தக்கன உண்டு. கனடாவில் வீட்டுப் பூனைகளும் காட்டுப் பூனைகளாகித் திரிபவையும் ஆண்டுதோறும் 100 மில்லியன் முதல் 350 மில்லியன் வரையான பறவைகளைக் கொல்வதாக 2013இல் வெளியான மதிப்பீடு கூறுகின்றது. பூனையை வீட்டினுள் வைத்திருப்பது சிரமமன்று. முற்றத்தின் ஒரு மூலையில் ‘மில்க்வீட்’ செடியை நடலாம். எமது எருக்கலையின் உறவுச் செடி அது. ஒடித்தால் அதே பால் வடியும். எருக்கலை இலையில் எமது ஊர் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு வளர்வது போலவே, மில்க்வீட் இலையில் மட்டுமே மெக்சிக்கோ வரை பறக்கும் ‘மொனார்க்’ பட்டாம்பூச்சியின் புழு வளரும். ஒன்ராறியோவின் களைப் பட்டியலிலிருந்து இச்செடி 2014இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே அச்சமின்றி நடலாம்.

இறுதியாக, கண்ணாடி. கனடாவில் கட்டிடங்களில் மோதி ஆண்டுக்கு 16 மில்லியன் முதல் 42 மில்லியன் வரையான பறவைகள் இறக்கின்றன என்பது 2013இல் வெளியான இன்னொரு மதிப்பீடு. வானளாவிய மாடிகளே காரணமென்று நாம் நினைக்கின்றோம். அவ்விறப்புகளில் ஏறத்தாழ 90 சதவீதம் நிகழ்வது எம்முடையவை போன்ற சாதாரண வீடுகளில்தான். வீடுகளின் எண்ணிக்கை அத்தகையது. கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஐந்து சென்ரிமீற்றருக்கு ஒன்றாகப் புள்ளிகள் ஒட்டினால் பறவை அதனை வெளியென்று மயங்காது விலகிச் செல்லும். 1993 முதல் ரொறன்ரோவில் இப்பணியைச் செய்து வரும் ‘ஃபிளாப்’ அமைப்பின் ஆலோசனை இது.

இதை நண்பரிடம் கூறியிருந்தோம். சில வாரங்களின் பின் அவ்வீட்டுக்குச் சென்றபோது பின்புறக் கண்ணாடி முழுவதும் வெண்புள்ளிகள் வரிசை வரிசையாக இருந்தன. பேத்தி ஒட்ட, அம்மா கீழே நின்று அளவு பார்த்துச் சொல்லியிருக்கிறார். கோலம் போடுவதற்கு முன் வைக்கும் புள்ளிகளைப் போலிருந்தது. அம்மாவின் கேள்விக்கு நாம் சேர்த்த விடைகளை ஒவ்வொன்றாகச் சொன்னோம்: செனெக்கா மக்கள், மிசிசாகா மக்கள், கோதுமை விதைத்தவர்கள், மீன், ஆமை, வயற்குருவி. பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அப்ப எல்லாரும் எழும்பிப் போன காணிதான். இருக்கிறதையெண்டாலும் கவனமாய்ப் பாருங்கோ, தம்பி.”

ரூஜ் பூங்காவின் கிழக்கே அந்த விவசாய நிலம் இன்னமும் உழப்படுகின்றது. வசந்தத்தில் அவ்வழியே செல்லும் வாசகர்கள் வண்டியை ஓரமாக நிறுத்தி ஐந்து நிமிடம் செவிமடுத்துப் பாருங்கள். ‘வெறும் புல்தானே’ என்று அதன் பின் சொல்ல மாட்டீர்கள்.